இதய வால்வு மாத்துன எங்கம்மாவுக்கு ஈரோட்டுல இந்த பல்லு க்ளினிக்குலதான் பல்லு எடுத்தோம், முழு விவரம்

நீளமான ரிவ்யூ, பொறுமையா படிங்க. வீட்டுல ஹார்ட் பேஷண்ட், டயாலிசிஸ், கேன்சர்னு யாராச்சும் இருந்து அவங்களுக்கு பல்லு வலி வந்து எங்க கூட்டிட்டு போறதுன்னு தெரியாம வெசனப்பட்டுட்டு இருக்கறவங்களுக்காகத்தான் எழுதறேன். பல்லு க்ளீன் பண்ண, கம்பி போடன்னா ஈரோட்டுல நெறைய இடம் இருக்கு, அதுக்கு இவ்வளவு படிக்க வேண்டியதில்ல.

எங்கம்மாவுக்கு 60 தாண்டிருச்சு. சின்ன வயசுல தொண்டை வலி, காய்ச்சல், அப்புறம் மூட்டு மூட்டா வீக்கம்னு வந்துச்சாமா, தோட்டத்துல குடியிருந்தாங்க, அப்ப யாரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனா, எங்க அமுச்சி பத்து அரைச்சு போட்டு வெச்சிருந்திருக்காங்க. அது ருமேட்டிக் காய்ச்சல், உள்ளுக்குள்ள இதய வால்வை கெடுத்து வெச்சிட்டுத்தான் போயிருக்குதுன்னு எங்களுக்கு தெரிஞ்சதே அம்மாவுக்கு நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்க ஆரம்பிச்ச பொறவுதான். கோயமுத்தூர்ல ஆபரேஷன் பண்ணி மைட்ரல் வால்வை எடுத்துட்டு சித்ரா வால்வு வெச்சாங்க. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா இன்ஸ்டிடியூட்ல உருவாக்கி 1990-ல மொத மொதல்ல மனுசங்களுக்கு பொருத்துன வால்வு அது, நம்ம நாட்டுலயே செஞ்சது. அது செயற்கை வால்வுங்கறதால அதுல ரத்தம் கட்டிக்காம இருக்க ஆயுசுக்கும் அசிட்ரோம் மாத்திரை போடணும். ரத்தம் எவ்வளவு நேரத்துல உறையுதுன்னு பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட் மாசாமாசம் எடுக்கணும். அம்மாவுக்கு அது 2.5-லிருந்து 3.5-க்குள்ள இருக்கணும்னு கார்டியாலஜிஸ்ட் சொல்லியிருக்காரு. இது பத்தாதுன்னு சுகர் வேற.

இப்படி இருக்கறவங்களுக்கு கீழ்க்கடவாப்பல்லு சொத்தையாகி கன்னம் வீங்குச்சுன்னா என்ன ஆகும்? நாங்க பட்டதை சொல்றேன். மொதல்ல போன எடத்துல, பேரு வேண்டாம், வால்வுன்னு சொன்னதுமே பெரிய ஆஸ்பத்திரிக்கு போயிருங்கன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது எடத்துல அசிட்ரோமை அஞ்சு நாளைக்கு நிறுத்திட்டு வாங்க, எடுத்து விட்டரலாம்னு அசால்ட்டா சொன்னாங்க, சீட்டுல கூட எழுதித் தரலை, வாயிலயே சொன்னாங்க. நல்லவேளை அம்மா, எங்க ஹார்ட் டாக்டரை கேக்காம ஒரு மாத்திரையும் நிறுத்த மாட்டேனுங்கன்னு எந்திரிச்சு வந்துட்டாங்க. கார்டியாலஜிஸ்ட் கிட்ட போன்ல சொன்னப்ப அவரு கோவப்பட்டுட்டாரு. மாத்திரைய நிறுத்துனா வால்வுல ரத்தக்கட்டி வந்து வால்வே ஸ்டக் ஆகலாம், கட்டி மூளைக்கு போனா ஸ்ட்ரோக், ஒரு பல்லுக்காக அந்த ரிஸ்க் எடுக்கக் கூடாதுன்னு சொன்னாரு. அவரு சொல்லித்தான் இங்க வந்தோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மொத தடவை வந்தப்ப வாயில ஒரு கருவி கூட வெக்கலை. எனக்கு கொஞ்சம் ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, அம்மா வலியில துடிக்கறாங்க, இங்க உக்கார வெச்சு கேள்வி கேட்டுட்டே இருக்காங்களேன்னு. மொதல்ல ஒரு ஃபார்ம், தமிழ்லயே இருந்துச்சு, பெரிய எழுத்துல. அப்புறம் டாக்டரம்மாவே பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டு அம்மாவோட மாத்திரைப் பைய மேசையில கொட்டச் சொன்னாங்க. ஒவ்வொரு அட்டையா திருப்பி பேரு படிச்சு எழுதிக்கிட்டாங்க.

"ஏனுங்கம்மா, படுக்கறப்ப எத்தனை தலவாணி வெச்சு படுக்கறீங்க?"

"ஒண்ணுதானுங்க."

"முன்ன ஒண்ணு வெச்சு இப்ப ரெண்டு வேணும்னு ஆயிருக்குதுங்களா? ராத்திரி மூச்சு முட்டி எந்திரிச்சு உக்காருவீங்களா?"

"அதெல்லாம் ஆபரேஷனுக்கு முந்திங்க, இப்ப இல்லீங்க."

பல்லு டாக்டர் தலவாணிக் கணக்கு கேக்கறத நான் இங்கதான் பாத்தேன். பொறவு கேட்டேன், எதுக்குங்க டாக்டர்னு. இதயம் சரியா பம்ப் பண்ணலைன்னா படுத்ததும் நுரையீரல்ல தண்ணி கோத்து மூச்சு முட்டும், அப்படிப்பட்டவங்கள டென்டல் சேர்ல முழுசா சாய்ச்சா அங்கயே சிக்கல் ஆயிரும், அதனாலதான்னு சொன்னாங்க. படி ஏறுனா மூச்சு வாங்குதா, கால் வீங்குதா, எப்பவாச்சும் மயக்கம் வந்திருக்குதா, முன்ன பல்லு எடுத்தப்ப ரத்தம் நிக்க எவ்வளவு நேரம் ஆச்சு, எந்த மருந்துக்காச்சும் அலர்ஜி உண்டா, நாட்டு மருந்து சூரணம் ஏதாச்சும் சாப்படறீங்களான்னு எல்லாத்தையும் கேட்டாங்க.

அப்பத்தான் அம்மா மெதுவா மணிபர்சுக்குள்ள இருந்து இன்னொரு அட்டைய எடுத்தாங்க. பல்லு வலின்னு பக்கத்து மெடிக்கல்ல கேட்டு வாங்குன மாத்திரை, கிருமிக்கு போடற மெட்ரோனிடசோலும் வலிக்கு போடற டைக்ளோஃபெனாக்கும். எனக்கே தெரியாது. சீட்டு இல்லாம கேட்டதும் கொடுத்துட்டாங்க, என்ன மாத்திரை சாப்படறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை. டாக்டரம்மா முகமே மாறிருச்சு. மெட்ரோனிடசோல் அசிட்ரோமோட சேந்தா அசிட்ரோம் ஒடம்புல இருந்து வெளியேறாம தங்கி அதோட வேகம் ஏறிரும், ரத்தம் ரொம்ப நீர்த்துரும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைங்க வயித்துல புண்ணு பண்ணி ரத்தம் கசிய வெக்கும், ரத்தம் உறையறதையும் குறைக்கும். இந்த ரெண்டும் சேந்து மூணு நாளா உள்ள போயிட்டு இருந்திருக்கு. ஒடனே கீழ லேபுக்கு அனுப்புனாங்க. ஐஎன்ஆர் 4.6.

அந்த நெலமைல பல்லை பிடுங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கு சொல்லவே பயமா இருக்கு. இது எங்கம்மாவுக்கு மட்டும் நடக்கறதில்லங்க, வார்ஃபரின், அசிட்ரோம்னு ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரை போடறவங்க யாரு வீட்டுல இருந்தாலும் மெடிக்கல்ல கேட்டு வாங்கற பல்லு வலி மாத்திரைய தயவுசெஞ்சு தொடாதீங்க. வாய்ப்புண்ணுக்கு தடவற மைக்கோனசோல் ஜெல்லு கூட இதே வேலைய பண்ணுமாமா, தடவறதுதானேன்னு நெனைக்க வேண்டாம். வலிக்கு பாராசிட்டமால் போடலாம், அதையும் அளவோட, டாக்டரை கேட்டுட்டு.

அன்னிக்கு அந்த ரெண்டு மாத்திரையும் நிறுத்தச் சொல்லிட்டு, இவங்களே கார்டியாலஜிஸ்ட்டுக்கு நேரடியா போன் பண்ணி பேசி அசிட்ரோம் அளவை என்ன பண்றதுன்னு அவரு கிட்டயே கேட்டு சொன்னாங்க. கூடவே லெட்டர் ஒண்ணு எழுதிக் கொடுத்தாங்க, அத நான் போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். "பல் எடுக்க ஃபிட்னஸ் கொடுக்கவும்"னு ஒத்த வரில முடிக்கலை. எந்தப் பல்லு, எத்தனை பல்லு, எந்த மரப்பு ஊசி எவ்வளவு போடப் போறாங்க, அசிட்ரோம் நிறுத்தாமத்தான் எடுக்கப் போறாங்க, ஐஎன்ஆர் எவ்வளவு இருக்கறப்ப எடுக்கப் போறாங்க, முன்கூட்டி எந்த ஆன்டிபயாட்டிக் எவ்வளவு கொடுக்கப் போறாங்க, இதுல உங்களுக்கு மாத்தம் ஏதாச்சும் இருக்கான்னு கேட்டு எழுதியிருந்தாங்க. இத்தனை வருசத்துல ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு இப்படி விவரமா எழுதி நான் பாத்ததில்ல. அங்கிருந்து பதிலும் அதே மாதிரி விவரமா வந்துச்சு.

ஐஎன்ஆர் எறங்கற வரைக்கும் வீக்கத்துக்கு அசிட்ரோமோட அவ்வளவா மோதாத ஆன்டிபயாட்டிக், வலிக்கு பாராசிட்டமால், வெதுவெதுன்னு உப்புத்தண்ணி. காத்திருந்தோம்.

பல்லு எடுக்க செவ்வாக்கெழம காத்தால நேரம் கொடுத்தாங்க. ஏன் சனிக்கெழம வேண்டாம், எனக்கு பனியன் கம்பெனில சனிக்கெழமதான் லீவு போட வசதின்னு கேட்டேன். ரத்தம் கசிஞ்சா பகல்லயே திரும்பி வரணும், அடுத்தடுத்த நாளு க்ளினிக்கு திறந்திருக்கணும், ஞாயித்துக்கெழம ராத்திரி கசிஞ்சா எங்க போவீங்க, இந்த மாத்திரை போடறவங்களுக்கு வாரத்தோட ஆரம்பத்துலயும் நாளோட ஆரம்பத்துலயும்தான் வெப்போம்னு சொன்னாங்க. நியாயந்தானே. சுகர் இருக்கறவங்களுக்கும் காத்தாலதான் நல்லதாமா, ஆனா வெறும் வயித்துல வரக் கூடாது. எப்பவும் போல சாப்ட்டு மாத்திரை போட்டுட்டு வாங்கன்னு ரெண்டு தடவை சொல்லி அனுப்புனாங்க, ஏன்னா நம்ம ஆளுங்க பாதி பேரு ஆஸ்பத்திரின்னாலே வெறும் வயித்துல வந்து உக்காந்துக்குவாங்க, சுகர் மாத்திரைய மட்டும் போட்டுட்டு.

முந்துன நாளு பொழுதோட எடுத்த ஐஎன்ஆர் 2.8 வந்துச்சு. செவ்வாக்கெழம காத்தால போனதும் பிபி பாத்தாங்க, விரல்ல குத்தி சுகர் பாத்தாங்க, 148. 70-க்கு கீழ இருந்திருந்தா குளுக்கோஸ் கொடுத்து ஏறுன பொறவுதான் தொடுவாங்களாமா. பிபி 180-க்கு 110 தாண்டுனா அவசரம் இல்லாத வேலைய அன்னிக்கு ஒத்தி வெச்சிருவாங்க. பொறவு நர்ஸ் தங்கச்சி ஒண்ணு அமாக்சிசிலின் 500 கேப்ஸ்யூல் நாலு எடுத்துட்டு வந்து அம்மா ஒவ்வொண்ணா முழுங்கற வரைக்கும் முன்னாடியே நின்னுச்சு, நேரத்தை சுவத்துக் கடியாரத்த பாத்து எழுதிக்கிச்சு. மொத்தம் 2 கிராம், பல்லு எடுக்கறதுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி உள்ள போயிருக்கணும். ஏன்னா ஈறை தொட்டாலே வாயில இருக்கற கிருமி ரத்தத்துல கலக்கும், நமக்கெல்லாம் ஒடம்பே பாத்துக்கும், செயற்கை வால்வு இருக்கறவங்களுக்கு அது வால்வுல போய் ஒட்டிக்கிட்டு எண்டோகார்டைட்டிஸ்னு உயிருக்கே ஆபத்தான வியாதி ஆயிரும். இது எல்லா ஹார்ட் பேஷண்டுக்கும் தேவையில்ல, ஸ்டென்ட் வெச்சவங்க, பைபாஸ் பண்ணவங்களுக்கு வேண்டாமா, செயற்கை வால்வு இருக்கறவங்க, முன்ன ஒரு தடவை எண்டோகார்டைட்டிஸ் வந்தவங்க, பிறவியிலயே சில வகை இதயக் கோளாறு இருக்கறவங்கன்னு கொஞ்சப் பேருக்குத்தான். பெனிசிலின் அலர்ஜி இருந்தா வேற மருந்து.

இதுல டாக்டரம்மா சொன்ன இன்னொண்ணு என் மண்டைல நல்லா பதிஞ்சிருச்சு. பல்லு வெளக்கறப்ப, மெல்லறப்ப கூட கிருமி ரத்தத்துக்கு போகுது, ஈறு கெட்டுப் போயிருந்தா தெனமும் எச்சா போகுது. அப்ப வருசத்துக்கு ஒரு நாளு போடற நாலு கேப்ஸ்யூல விட, வாயை சுத்தமா வெச்சுக்கறதுதான் வால்வை காப்பாத்தும். அதனால வால்வு பேஷண்ட்டு எங்களுக்கு வேண்டாம்னு திருப்பி அனுப்பறது ஒண்ணும் பாதுகாப்பு ஆகாது, அந்த சொத்தப்பல்லு வாயிலயே இருந்து இன்னும் கேடுதான் பண்ணும். மொதல்ல எங்களை திருப்பி அனுப்புனாங்களே, அவங்க இதத்தான் யோசிச்சிருக்கணும்.

எடுத்த விதம் சொல்றேன். சேரை முழுசா சாய்க்கலை, பாதிதான். விரல்ல ஆக்சிஜன் பாக்கற க்ளிப் மாட்டி விட்டாங்க, ஓரத்துல ஆக்சிஜன் சிலிண்டர் நின்னுச்சு, அதுல முள்ளு எவ்வளவு காட்டுதுன்னு அந்த தங்கச்சி பாத்துட்டு தலையாட்டுன பொறவுதான் டாக்டரம்மா ஊசிய கைல எடுத்தாங்க. மரப்பு ஊசி போடறப்ப குத்திட்டு கொஞ்சம் பின்னாடி இழுத்து பாத்தாங்க, ரத்தக்குழாய்க்குள்ள போயிருந்தா தெரிஞ்சிருமாமா, பொறவு ரொம்ப மெதுவா, சொட்டு சொட்டா எறக்குனாங்க. மரப்பு மருந்துல கலந்திருக்கற அட்ரினலின் இதயத்தை வேகமா அடிக்க வெக்கும்ங்கறதால அளவு வெச்சுத்தான் போடுவாங்க, ஆனா அது சுத்தமா வேண்டாம்னு விட்டா மரப்பு சீக்கிரம் போயி வலியில ஒடம்பே அத விட எச்சா அட்ரினலின் சுரக்குமாமா. அதனால கம்மியா, மெதுவா.

பல்லை ஆட்டி ஆட்டி இழுக்கலை. ரெண்டு வேரையும் தனித்தனியா பிரிச்சு ஒவ்வொண்ணா எடுத்தாங்க, எலும்பு ஒடையாம, சதை கிழியாம. அந்த குழிக்குள்ள பஞ்சு மாதிரி ஒண்ணு, ஜெலட்டின்ல செஞ்சது, அதுவாவே கரைஞ்சிருமாமா, அத வெச்சு மேல தையல் போட்டாங்க. ரத்தக் கசிவை நிறுத்தற டிரனெக்ஸாமிக் ஆசிட்ல நனைச்ச காஸ் துணிய கடிக்கச் சொல்லி அரை மணி நேரம் கடியாரத்த பாத்துட்டு உக்காந்திருந்தோம். அந்நேரம் முழுக்க டாக்டரம்மா வேற பேஷண்ட பாத்துட்டே அப்பப்ப வந்து எட்டிப் பாத்துட்டு போனாங்க. துணிய எடுத்தா கசிவு இல்ல, அப்பவும் வீட்டுக்கு விடலை, இன்னொரு ஒரு மணி நேரம் வெளிய உக்காருங்கன்னு சொல்லிட்டாங்க.

அம்மா அங்க உக்காந்துட்டு என் காதுல, "அம்மிணி, முடிஞ்சு போச்சா? எடுத்ததே தெரியலையே"ன்னாங்க. ரெண்டு எடத்துல அலைஞ்சு பயந்து போயிருந்த மனுசி.

வீட்டுக்கு கொடுத்து விட்ட சீட்டும் தமிழ்லதான். துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா போட்டு குடிக்கக் கூடாது, சூடா எதுவும் வேண்டாம், அசிட்ரோமை ராத்திரி எப்பவும் போல போடணும். மறு நாள்ல இருந்து டிரனெக்ஸாமிக் தண்ணிய 10 மில்லி வாயில ரெண்டு நிமிசம் வெச்சிருந்து மெதுவா வழிய விடணும், நாளைக்கு நாலு தடவை, ரெண்டு நாளைக்கு. நான் சந்தகை புழிஞ்சு நல்லா ஆற வெச்சு தேங்காப்பாலு ஊத்தி சக்கரை இல்லாம கொடுத்தேன், அடுத்த நாளு அரிசியும் பருப்பும் கொழைய வேக வெச்சு. அம்மா ஒழுங்கா சாப்ட்டாங்க, சுகரும் எறங்கலை.

ராத்திரி ஒம்பது மணிக்கு மேல எச்சில்ல ரத்தம் கலந்து வர ஆரம்பிச்சுச்சு. எனக்கு கை காலெல்லாம் ஒதற ஆரம்பிச்சிருச்சு, எங்க தோட்டத்துல இருந்து ஈரோட்டுக்கு வர்றதுன்னா அந்நேரத்துக்கு பஸ்ஸும் இல்ல. சீட்டுல இருந்த நம்பருக்கு அடிச்சேன், ரெண்டாவது ரிங்லயே டாக்டரம்மாவே எடுத்தாங்க. "எச்சில் இளஞ்சிவப்பா இருக்குதுங்களா, இல்ல கட்டி கட்டியா வருதுங்களா? பயப்படாதீங்க, நான் கொடுத்து விட்ட காஸ எடுத்து மடிச்சு அந்த குழி மேலயே வெச்சு அம்மாவ நல்லா கடிக்கச் சொல்லுங்க, 20 நிமிசம், நடுவுல எடுத்து எடுத்து பாக்காதீங்க, நான் திருப்பி கூப்படறேன்"னாங்க. சொன்ன மாதிரியே 20 நிமிசத்துல அவங்களே கூப்ட்டாங்க. நின்னுருச்சு. நிக்கலைன்னா நேரா எங்க போகணும், அங்க என்ன சொல்லணும்னு அதையும் சொல்லி வெச்சாங்க. அன்னிக்கு அவங்க சொன்னது இன்னிக்கும் அப்படியே ஞாபகம் இருக்கு, பல்லுக்குழியில வர்ற ரத்தத்தை அழுத்திப் பிடிச்சு நிறுத்திரலாமுங்க, வால்வுல கட்டுற ரத்தத்தை என்னத்த வெச்சு அழுத்தறது. மாத்திரைய நிறுத்தச் சொல்றவங்களுக்கு இதத்தான் சொல்லணும்.

இதுக்கு பொறவு எங்க ஒரம்பரையில பல பேரை இங்க அனுப்பி வெச்சுட்டேன். எங்க தாய்மாமன் டயாலிசிஸ் பண்ணிக்கறாரு, அவருக்கு டயாலிசிஸ் பண்ண மறு நாளுதான் நேரம் கொடுத்தாங்க, அன்னிக்கே பண்ணா ரத்தம் உறையாம இருக்க அங்க ஏத்துன ஹெப்பாரின் மருந்து ரத்தத்துல இருக்கும், ஆளும் சோந்து போயிருப்பாரு, ரொம்ப தள்ளிப் போட்டா ஒடம்புல கழிவும் தண்ணியும் சேந்துரும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்ங்கள இணைச்சு ஃபிஸ்டுலா போட்ட கையில பிபி கூட பாக்கக் கூடாதுன்னு அவரோட அட்டையில செவப்பு மையில எழுதி வெச்சிட்டாங்க. வலி மாத்திரை விஷயத்துல அவருக்கும் அதே கண்டிப்புதான்.

இன்னொருத்தங்க எங்க ஊரு அக்கா, மார்புல கேன்சர் வந்து எலும்புக்கும் பரவி, எலும்பு அரிக்காம இருக்க ஸோலெட்ரானிக் ஆசிட் ஊசி போட்டுட்டு இருக்காங்க. அவங்களுக்கு ஆடற பல்லும் இல்ல, சொத்தைதான், வேற எங்கயாச்சும் போயிருந்தா ஒரே நிமிசத்துல பிடுங்கியிருப்பாங்க. இவங்க எடுக்கலை, வேர் சிகிச்சை பண்ணி பல்லை அங்கயே நிறுத்தி வெச்சாங்க. அந்த ஊசி போடறவங்களுக்கு பல்லு எடுத்தா சில பேருக்கு தாடையெலும்பு ஆறாம செத்துப் போயி வெளியவே தெரிய ஆரம்பிச்சிருமாமா, 2003-லதான் இது மருத்துவ உலகத்துக்கே தெரிய வந்துச்சாமா, எலும்புத் தேய்மானத்துக்கு வாராவாரம் போடற அலென்ட்ரோனேட் மாத்திரையிலயும் கொஞ்சமா அந்த ரிஸ்க் உண்டுங்கறாங்க. அதனால இந்த மாதிரி ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, அதே மாதிரி தலை கழுத்துல ரேடியேஷன் கொடுக்கறதுக்கு முன்னாடியே, பல்லு டாக்டர் கிட்ட ஒரு தடவை காட்டி எடுக்க வேண்டியத எடுத்துட்டு, அது ஆறுன பொறவு ஆரம்பிக்கணும். இத அந்த அக்காவுக்கு முன்னாடியே யாரும் சொல்லலைங்கறதுதான் எனக்கு ஆதங்கம். கேன்சர்னு தெரிஞ்ச பதட்டத்துல பல்லை யாரு நெனைக்கறா.

எல்லாத்தையும் இவங்களே பண்ணிக்கறதும் இல்ல. நாங்க உக்காந்திருந்தப்ப ஒரு பெரியவரு வந்தாரு, ஹார்ட் அட்டாக் வந்து இன்னும் மாசம் கூட ஆகலை. அவருக்கு வலி கொறைய வழி பண்ணிட்டு, பிடுங்கறத தள்ளி வெச்சு, அவசரம்னா ஐசியு இருக்கற ஆஸ்பத்திரிலதான் பண்ணணும்னு எழுதிக் கொடுத்து அனுப்புனாங்க. முடியாதத முடியாதுன்னு சொல்லி, அதுக்கப்புறம் எங்க போகணும்னும் சொல்லி அனுப்பறாங்க பாருங்க, வாசல்ல இருந்து வெரட்டறதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்.

காசு விஷயம். சாதாரணமா பல்லு எடுக்கறத விட எச்சாத்தான் ஆச்சு, பஞ்சு, தையல், ரெண்டு தடவை ஐஎன்ஆர்னு எல்லாம் சேந்து. ஆனா பில்லுல ஒவ்வொண்ணும் தனித்தனியா போட்டிருந்தாங்க, போன் பேசுனதுக்கு, லெட்டர் எழுதுனதுக்கு ஒரு ரூவா வாங்கலை. மொத நாளே மொத்தம் எவ்வளவு ஆகும்னு ஒரு கணக்கு சொல்லியிருக்கலாம், நாங்களா கேட்ட பொறவுதான் சொன்னாங்க. வசதி கம்மியானவங்க கேக்க கூச்சப்படுவாங்க.

காத்திருக்கற நேரம் எச்சு. 9 மணிக்கு அப்பாயின்ட்மென்ட்னா 10 ஆகுது, ஏன்னா முன்னாடி போன ஆளுக்கும் இதே மாதிரி கேள்வி எல்லாம் கேப்பாங்க. அதுல எனக்கு குறையில்ல, ஆனா சுகர் பேஷண்ட உக்கார வெச்சிருக்கீங்க, நடுவுல ஒரு தடவை எப்படி இருக்கீங்கன்னு ரிசப்ஷன்ல இருந்து வந்து கேட்டா நல்லா இருக்கும். நாங்க போன ஒரு நாளு ஒரு அம்மாவுக்கு வேர்த்து ஊத்துச்சு, பக்கத்துல இருந்த நாங்கதான் கூப்ட்டு சொன்னோம். சொன்ன ஒடனே ஓடி வந்து பாத்தாங்க, அது வேற விஷயம்.

போறவங்க கையில என்ன எடுத்துட்டு போகணும்னா, தெனமும் போடற மாத்திரைய அட்டையோட அப்படியே, பேரு எழுதுன சீட்டு மட்டும் பத்தாது, மெடிக்கல்ல தானா வாங்குனத, நாட்டு மருந்தயும் சேத்து. வால்வோ பேஸ்மேக்கரோ வெச்சிருந்தா அந்த ஆஸ்பத்திரி கொடுத்த கார்டு. கடைசியா எடுத்த ஐஎன்ஆர், சுகர், கிட்னி டெஸ்ட். ஆஸ்துமா இருந்தா இன்ஹேலர். எந்த டாக்டர் கிட்ட பாக்கறீங்களோ அவரோட போன் நம்பர். மறைக்க வேண்டாமுங்க, சொன்னா பல்லு பாக்க மாட்டாங்களோன்னு பயந்து ஹார்ட் ஆபரேஷனையே மறைக்கறவங்க இருக்காங்கன்னு டாக்டரம்மாவே வருத்தப்பட்டாங்க. ஒரு தடவை வெரட்டுனா ரெண்டாவது தடவை எந்த மனுசனும் மறைக்கத்தான் செய்வாங்க, அதுல பேஷண்ட் மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரலை.

கடைசியா ஒண்ணு, இது டாக்டருக்கே. க்ளினிக்கு மாடில இருக்கு, லிஃப்ட் கெடையாது, படி செங்குத்தா, ஒரு பக்கம்தான் கைப்பிடி. படி ஏறுனா மூச்சு வாங்குதான்னு நீங்க உள்ள கேக்கற கேள்விக்கு பதிலை எங்கம்மா வெளியவே சொல்லிட்டுத்தானுங்க வந்தாங்க, பாதில நின்னு நின்னு. எங்க மாமன டயாலிசிஸ் பண்ண மறு நாளு ரெண்டு பேரு தாங்கிட்டுத்தான் மேல ஏத்துனோம். உங்க கிட்ட வர்றவங்க எல்லாம் நோயாளிங்க, அதுலயும் இதயமும் கிட்னியும் கெட்டவங்க. கீழ லேபுக்கு பக்கத்துல ஒரு ரூமு காலியாத்தான் கெடக்குது, அதுல ஒரு சேரு போட்டு ஏற முடியாதவங்கள கீழயே பாத்தீங்கன்னா போதும். இந்த ஒண்ணுக்காகத்தான் 5-க்கு 4 போடறேன், வைத்தியத்துக்குன்னா முழு 5. கேட்டதுக்கு பாக்கறேன்னு சொல்லியிருக்கீங்க, சீக்கிரம் பண்ணுங்க டாக்டர், அடுத்த க்ளீனிங்குக்கு அம்மாவ கூட்டிட்டு வரணும்.